மூன்று மில்லிமீட்டர் பீரங்கி

ஆவடி டேங்க் ஃபேக்டரி கட்டிய முதல் டாங்கி விஜயந்தா. அதன் பீரங்கிக் குழாயின் உள்விட்டம் 105 மி.மீ. பிளாஸ்டிக்கில் டாங்கி மாடல் செய்பவர்கள் உலகெங்கும் அதிகம் கையாளும் அளவு 1/35. வகுத்துப் பாருங்கள், மீதி இல்லாமல் 3 மி.மீ. வரும். அந்த 35-உம் ஆவடியின் டாங்கியும் கருக்கொண்டது ஒரே ஆண்டில், 1961-ல்.

முதலில் 35-ன் கதை. ஜப்பானின் ஷிசுவோகா நகரில் மரம் அறுத்து விற்ற குடும்பம் தமியா. மர மாடல்கள் செய்து, 1951-ல் தீ விபத்தில் அடிபட்டு, மெல்லப் பிளாஸ்டிக்குக்கு வந்தார்கள். 1960-ல் வெளியிட்ட யமாட்டோ போர்க்கப்பல் கிட், போட்டியாளரின் குறைந்த விலைக்கு முன் நிற்க முடியாமல் தோற்றது. அடுத்த முயற்சி, ஜெர்மனியின் பாந்தர் டாங்கி. அது மோட்டாரில் தானே ஓட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். மோட்டாரும் இரண்டு பேட்டரிகளும் அடங்கும்படி உடலை வரைந்தார்கள். வரைந்த பிறகு கணக்குப் பார்த்தால், அசலில் ஏறத்தாழ 35-ல் ஒரு பங்கு! அந்தக் குடும்பத்தின் ஷுன்சாகு தமியாவே பின்னாளில் இதை எழுதியிருக்கிறார். அடி, அங்குலக் கணக்கில் வந்த 24, 48, 72 போன்ற எண்களுக்கு நடுவே, பேட்டரியின் பருமன் தந்த எண் நிலைத்துவிட்டது. இன்று பெரும்பாலான 1/35 கிட்களில் மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை.

அதே 1961-ல் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு இந்திய அரசு ஒப்பந்தம் செய்தது. வி.கே. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த காலம். டாங்கியை விக்கர்ஸ் வடிவமைக்கும். இந்தியா தன் மண்ணில் தொழிற்சாலை கட்டி உற்பத்தி செய்யும். உலகப்போர்க் காலத்திலிருந்தே ராணுவத்துக்குப் பழகிய ஆவடி அதற்கு இடமானது. முதல் மாதிரி வண்டி 1963-ல் இங்கிலாந்தில் தயாரானது. ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா வெளிவந்தது 1965-ன் இறுதியில். தொடக்கத்தில் பாகங்கள் கப்பலில் வந்தன. பிறகு படிப்படியாக இங்கேயே செய்யக் கற்றார்கள். 1980-கள் வரை ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இங்கே பிறந்தன. 1971 போரிலும் விஜயந்தா இருந்தது. அதன் உடலை நீட்டி, 130 மி.மீ. பீரங்கி ஏற்றி கேட்டபுல்ட் என்ற வண்டியும் செய்தார்கள்.

மாடல் செய்பவருக்கு இந்தச் சரித்திரம் அலங்காரம் அல்ல, வேலைக் குறிப்பு. விஜயந்தாவுக்குப் பக்கத்துக்கு 6 சக்கரங்கள். நீட்டிய கேட்டபுல்டுக்கு 7. விஜயந்தாவின் உடல் நீளம் ஏறத்தாழ 7.92 மீட்டர், மேசைமேல் 22.6 செ.மீ. முன்புறக் கவசத்தின் தடிமன் 80 மி.மீ.; அது 2.3 மி.மீ. பிளாஸ்டிக் தகடு.

அதற்கப்புறம் பெயிண்ட். புத்தம் புது நிறத்தில் நிற்கும் மாடல் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பொம்மையாகவே தெரியும். அதை உழைத்த வண்டியாக்கும் கலைதான் வெதரிங். நீர்க்க கரைத்த கறுப்புப் பழுப்பை மூலை முடுக்குகளில் ஓடவிடுவது வாஷ். ஏறக்குறைய காய்ந்த தூரிகையால் விளிம்புகளை மட்டும் வெளிறச் செய்வது ட்ரை பிரஷ். அமெரிக்காவில் ஷெப் பெயினும் பெல்ஜியத்தில் ஃபிரான்சுவா வெர்லிண்டனும் 1970, 80-களில் இவற்றைப் பரவலாக்கினார்கள்.

எங்கே, எதனால், எந்த அழுக்கு என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் தூரிகையைத் தொடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. விஜயந்தாவின் எஞ்சின் லேலண்ட் எல்-60. பிரிட்டனின் சீஃப்டன் டாங்கியிலும் அதுவே. எண்ணெய்க் கசிவுக்கும் புகைக்கும் பேர்போனது. ஆகவே பின்பக்க எஞ்சின் மூடிகளில் கரும் எண்ணெய்க் கறை வரலாம், வரவேண்டும். ஓட்டும் பற்சக்கரமும் பின்னால்தான்; சங்கிலி உரசும் அதன் பற்கள் துருப்பிடிக்காது, பளபளக்கும். வீரர்கள் ஏறி இறங்கும் மூடியைச் சுற்றிப் பச்சை தேய்ந்திருக்கும். ராஜஸ்தானில் ஓடிய வண்டி என்றால் மணல் நிறப் புழுதி கீழே கனமாகவும் மேலே மெல்லியதாகவும் படிய வேண்டும். தடித்த கவச இரும்பு முழுக்க ஆரஞ்சு நிறத் துருவைப் பூசுவது பெரும் பிழை. ஓடுகிற டாங்கி அப்படி இருக்காது.

காட்சிக்கு நிறுத்தியிருக்கும் டாங்கிகளை இதற்கு நம்ப வேண்டாம். மேலே மேலே பெயிண்ட் அடித்து, சில இடங்களில் ரப்பர் டயருக்கும் சேர்த்தே அடித்திருப்பார்கள். அளவெடுக்க அவை உதவும், படம் எடுக்க அனுமதி உள்ள இடமானால். நிறத்துக்கு உதவாது.

நிறத்துக்கு மனிதர்கள் இருக்கிறார்கள். பட்டாபிராமிலும் திருமுல்லைவாயிலிலும் அம்பத்தூரிலும் ஓய்வுபெற்ற வெல்டர்கள், ஃபிட்டர்கள், பெயிண்டர்கள் வாழ்கிறார்கள். ஜெர்மன் பாந்தரின் நிறம் 1943-ல் எப்படி இருந்தது என்று சொல்ல அலமாரி நிறையப் புத்தகங்கள் உண்டு. ஃபேக்டரி வாசலைத் தாண்டிய அன்று விஜயந்தாவின் பச்சை எப்படி இருந்தது, எந்த வெல்டிங் கோடு கையால் போட்டது, சோதனை ஓட்டத்தில் எங்கே முதலில் கசிந்தது என்பதெல்லாம் இவர்கள் நினைவில்தான் இருக்கிறது. அந்த முதல் வரிசைத் தொழிலாளர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள்.

மாடல் செய்யும் தம்பி, தங்கைகளே, அடுத்த பாந்தரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பிளாஸ்டிக் தகடு வாங்கி, ஒரு விஜயந்தாவை நீங்களே வெட்டி ஒட்டுங்கள். பெயிண்ட் அடிக்கும் முன், உங்கள் தெருவில் இருக்கும் ஃபேக்டரித் தாத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டி, அவர் சொல்வதைத் தேதியிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.