தேக்கடி: நீர்த்தேக்கமும் காட்டு முகாம்களும்

தேக்கடி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழக எல்லையூரான குமுளிக்குச் சுமார் 4 கிலோமீட்டர் தெற்கே உள்ள படகுத்துறை. பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் போகிற பயணிகளுக்கு இதுதான் வாசல். முல்லைப் பெரியாறு அணை தேக்கிய ஏரி சுமார் 26 சதுர கிலோமீட்டர் விரிந்து, கை கையாகக் கிளைத்து, மலை மடிப்புகளுக்குள் நுழைந்து கிடக்கிறது. அந்தக் கைகளில் ஒன்றின் நுனியில் தேக்கடி இருக்கிறது. அரசு ஆவணங்களில் இது பெரியாறு ஏரி. கம்பத்துக்காரர்களுக்கும் மதுரைக்காரர்களுக்கும் தேக்கடி ஏரி. படகுச் சவாரி, மூங்கில் தெப்பம், காட்டுநடை, கூடாரத்தில் தங்குதல் என்று இன்று இங்கே நடப்பவை எல்லாமே, பாசனத்துக்காகச் செய்யப்பட்ட ஒரு வேலையின் மேல் பின்னாளில் வந்து படிந்தவை. அந்த வேலையைத் தெரிந்துகொள்ளாமல் ஏரியைப் பார்த்தால், பாதிதான் பார்த்ததாகும்.

சிவகிரி மலைகளில் பிறந்து மேற்கே அரபிக்கடலுக்கு ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்ற எண்ணம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சேது சமஸ்தானத்தில் எழுந்தது. அமைச்சர் முத்திருளப்ப பிள்ளையின் பெயரோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். 1808இல் மலையேறிப் பார்த்த கேப்டன் கால்டுவெல், நடக்காத காரியம் என்று எழுதிவிட்டு இறங்கினார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் அந்தக் கோப்பை மறுபடி திறக்க வைத்தது. பொறியாளர் பென்னிகுவிக் திருத்தி எழுதிய திட்டம் ஏற்கப்பட்டு, 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாளின் அரசுக்கும் பிரிட்டிஷ் அரசின் இந்தியச் செயலருக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. தண்ணீர் நிற்கும் 8,000 ஏக்கருக்கு ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய். இன்று ஏரியில் படகேறும் பயணி மிதப்பது அந்தக் குத்தகை நிலத்தின் மேல்தான்.

1887இல் வேலை தொடங்கியது. மதராஸ் பயனியர் படைப்பிரிவினரும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வந்த கூலியாட்களும் காட்டுக்குள் முகாம் போட்டார்கள். இந்த வட்டாரத்தின் முதல் பெரிய முகாம்கள் அவைதான். ஓலைக் கொட்டகை, ஓயாத மழை, அட்டை, யானை. எல்லாவற்றுக்கும் மேலே காய்ச்சல். கோடை பிறந்ததும் மலேரியா உச்சத்துக்குப் போய்விடும் என்பதால், ஆண்டில் சில மாதங்கள் வேலையையே நிறுத்திவிட்டு ஆட்களைக் கீழே அனுப்பிவிடுவார்கள். கட்டிய தடுப்புகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போனது. காய்ச்சலிலும் காலராவிலும் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அணைக்கருகே இன்றும் அவர்களில் சிலருடைய கல்லறைகள் இருக்கின்றன. மலையடிவாரத்தில் அன்று போட்ட முகாமின் பெயர் அப்படியே ஊர்ப்பெயராகி நின்றுவிட்டது. குமுளி மலைச்சாலை ஏறத் தொடங்கும் இடத்துக்கு லோயர் கேம்ப் என்றே பெயர். பேருந்து நடத்துநர் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை வேறு பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை. 2013 ஜனவரி 15 அன்று பென்னிகுவிக்கின் மணிமண்டபம் திறக்கப்பட்டதும் அங்கேதான். அவர் பிறந்த நாளும் தைப்பொங்கலும் அடுத்தடுத்தோ ஒன்றாகவோ வருவதால், கம்பம் பள்ளத்தாக்கில் அவருக்கும் சேர்த்துப் பொங்கல் பொங்குகிறது.

அணைக்கான சுண்ணாம்புக் கல் கூடலூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் கிடைத்தது. அது கம்பிவடத்தில் தொங்கியபடி மலையேறி, மேலே படகுக்கு மாறி, அணை கட்டும் இடத்துக்குப் போனது. அப்படிப் பார்த்தால் தேக்கடியின் முதல் படகுகள் சுண்ணாம்புப் படகுகள். முல்லையாறு பெரியாற்றோடு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சுர்க்கிக் காரையால், 1,200 அடி நீளத்துக்கு அணை எழுந்தது. 1895 அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு தண்ணீரைத் திறந்துவிட்டார். அணை ஆற்றை மறிக்கிறது. ஆனால் தண்ணீர் தமிழகத்துக்குப் போவது அணை வழியாக இல்லை. தேக்கடிப் பக்கம் வெட்டிய வாய்க்காலில் வந்து, தலைமதகைத் தாண்டி, மலையைக் குடைந்த சுரங்கத்தில் புகுந்து, கிழக்குச் சரிவில் விழுந்து, வைகையில் சேர்கிறது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் வயல்களும் குடங்களும் அதை நம்பியிருக்கின்றன. 1950களின் இறுதியில் லோயர் கேம்பில் மின்நிலையம் வந்தபின், அந்தத் தண்ணீர் நான்கு பெரிய குழாய்களில் இறங்குகிறது.

தண்ணீர் ஏறியபோது மரங்களை முழுதாக வெட்டி அகற்றவில்லை. நின்றபடியே மூழ்கிய காட்டின் அடிமரங்கள், 125 ஆண்டுகளுக்கு மேலாகியும், கருகருவென்று ஏரிக்கு மேல் தலைநீட்டிக்கொண்டிருக்கின்றன. தேக்கடியின் எந்தப் புகைப்படத்திலும் முதலில் கண்ணில் படுவது இந்தப் பட்டமரங்கள்தான். நீர்க்காகம் அவற்றின் உச்சியில் சிறகை விரித்து வெயிலில் காயவைக்கும். பாம்புத்தாரா கழுத்தை மட்டும் நீருக்கு மேல் வைத்து நீந்திவந்து அதே மரத்தில் ஏறும். நீர் குறையும் மாதங்களில் ஒரே மரத்தில் வெவ்வேறு ஆண்டுகளின் நீர்மட்டக் கோடுகளைப் படகில் இருந்தே பார்க்கலாம். படகோட்டிகளுக்கு எந்தக் கட்டை எந்த நீர்மட்டத்தில் மறைந்திருக்கும் என்பது பாடம்.

ஏரி நிரம்பிய சில ஆண்டுகளில், 1899இல், அதைச் சுற்றிய காடு பெரியாறு ஏரிக் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. நீர்பிடிப்பைக் காக்க வந்த அந்த வேலி விலங்குகளையும் காத்தது. திருவிதாங்கூர் 1933இல் எஸ். சி. எச். ராபின்சனை விலங்குக் காப்பாளராக நியமித்தது. மறு ஆண்டே நெல்லிக்காம்பெட்டி சரணாலயம் பிறந்தது. மன்னர் சித்திரைத் திருநாள் கோடையில் வந்து தங்கிய இடப்பாளையம் மாளிகை, மூன்று பக்கம் தண்ணீர் சூழ்ந்த மேட்டில் நிற்கிறது. இன்று அது விடுதி, படகில்தான் போக முடியும். வேட்டைக்குப் பேர்போன காலத்தில் ஓர் அரச குடும்பம் இவ்வளவு பெரிய காட்டைச் சரணாலயமாக விட்டுவைத்தது சிறிய காரியமல்ல. 1950இல் சரணாலயம் 777 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 1978இல் புலிகள் காப்பகம் ஆனது. 1982இல் அதன் உட்பகுதி 350 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா ஆனது. இப்போது மொத்தப் பரப்பு 925 சதுர கிலோமீட்டர். சபரிமலை இதன் மேற்குப் பகுதியில் இருக்கிறது. ஏரியின் வடக்கே, தமிழக எல்லையில், ஆண்டுக்கு ஒருமுறை சித்திரைப் பௌர்ணமியன்று மட்டும் திறக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. அந்த ஒரு நாளுக்குத் தேனி, இடுக்கி ஆட்சியர்கள் இருவரும் சேர்ந்து ஏற்பாடு செய்கிறார்கள்.

காட்டுக்குள் முன்பே குடியிருந்தவர்களைப் பற்றி சுற்றுலாப் பிரசுரங்கள் ஒரு வரியோடு நிறுத்திவிடுகின்றன, அது சரியல்ல. மன்னான்களும் பளியர்களும் காட்டின் உள்ளிருந்து படிப்படியாக வெளியே கொண்டுவரப்பட்டு, குமுளிக்கும் தேக்கடிக்கும் இடையே குடியமர்த்தப்பட்டார்கள். மன்னான்கள் தங்கள் முன்னோர் மதுரைப் பாண்டிய நாட்டிலிருந்து மலையேறியவர்கள் என்று சொல்கிறார்கள். பளியர் பேச்சும் தமிழை ஒட்டியது. 1970 மே மாதம் இரு மாநிலங்களும் செய்த துணை ஒப்பந்தத்தில் குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது, ஏரியின் மீன்பிடி உரிமை கேரளத்துக்குப் போனது. இன்று அந்த மீனைப் பிடிப்பவர்கள் பழங்குடியினர். இரண்டு மூன்று அடுக்காக மூங்கிலைக் கட்டிய தெப்பத்தில், சத்தமில்லாமல் துடுப்புப் போட்டு, அதிகாலையில் வலை எடுக்கிறார்கள். பயணிகளை ஏற்றும் மூங்கில் தெப்பம் இந்த மீன்பிடித் தெப்பத்தின் வாரிசு.

1990களின் நடுவில் பெரியாறு ஒரு திருப்பத்தைக் கண்டது. உலக வங்கியும் உலகளாவிய சுற்றுச்சூழல் நிதியமும் உதவிய இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டம் 1996இல் நாட்டின் ஏழு காப்பகங்களில் தொடங்கியது. பெரியாறு அவற்றுள் ஒன்று. அதற்கு முன்பு குமுளி வட்டாரத்தில் பலருக்குப் பிழைப்பு, காட்டில் வயணைப் பட்டை உரித்து விற்பது. லவங்க இனத்தைச் சேர்ந்த அந்த மரத்தைச் சாய்த்துப் பட்டையை உரித்துச் சுமந்து, வனக்காவலர் கண்ணில் படாமல் பல நாள் காட்டிலேயே தங்குவார்கள். பிடிபட்டால் வழக்கு, ஜாமீன், மறுபடி காடு. வனத்துறையினர் அவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் தொழிலை விட்டார்கள். காட்டில் தடம் பார்க்கவும் யானையின் மணம் எந்தக் காற்றில் வருகிறது என்று அறியவும் மழையில் தீ மூட்டவும் தெரிந்த கை அவர்களுடையது. அந்தத் திறமையே சம்பளம் தரும் வேலையாக மாறியது: 1998இல் தொடங்கிய பெரியாறு புலித்தடம் என்னும் நடைப்பயணம். சிறு குழுவாகப் பயணிகளை அழைத்துக்கொண்டு, துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் ஒருவரோடு, ஓரிரு இரவு காட்டில் கூடாரமடித்துத் தங்கும் ஏற்பாடு அது. மற்ற கடத்தல்காரர்களைப் பற்றிய துப்பும் அவர்கள் மூலமே வந்தது. நாட்டில் காட்டுச் சுற்றுலாவைப் பற்றிப் பேசும் எவரும் இந்த மாற்றத்தை முதலில் சொல்ல வேண்டும். தேக்கடியில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

2002இல் காட்டோரக் குடும்பங்களின் பெண்கள் வசந்த சேனை என்ற பெயரில் ஒன்று சேர்ந்தார்கள். சம்பளம் இல்லாமல், முறைவைத்து, நாள்தோறும் காட்டுக்குள் சுற்றிவருகிறார்கள். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சோற்றுப்பொட்டலத்தோடு கிளம்பும் ரோந்து அது.

காட்டுநடை எப்படி இருக்கும் என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கிளம்பும் முன் வழிகாட்டி முழங்கால் வரை ஏறும் துணிக் காலுறை ஒன்றைத் தருவார். அது அட்டைக்காக. செருப்புக்கும் காலுறைக்கும் மேலே மூக்குப்பொடியைத் தூவுவார். புகையிலைக் காரம் பட்டால் அட்டை சுருண்டு விழும். மழைக்காலத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். ஏரிக்கரையில் ஏறினால் புல்லில் யானைப் பிண்டம். வழிகாட்டி அதைக் காலால் புரட்டிச் சூட்டைப் பார்ப்பார். சூடாக இருந்தால் பாதை மாறும். செந்நாய்க் கூட்டமோ காட்டெருமையோ மிளாவோ கண்ணில் படலாம். கருமந்தியின் உறுமலும் இருவாச்சியின் சிறகோசையும் மரத்தின் மேலிருந்து நிச்சயம் கேட்கும். புலியைப் பார்ப்பது அரிது. ஈரமண்ணில் அதன் அடித்தடத்தைப் பார்த்தாலே அன்றைய நடை பலித்தது. பொழுது சாய்ந்தபின் கூடாரத்தைவிட்டு நகரக் கூடாது. சமைப்பதும் வழிகாட்டிகளே, இரவில் முறைபோட்டு விழித்திருப்பதும் அவர்களே.

பெரும்பாலானோர் இதற்கு வருவதில்லை. ஆனவச்சாலில் வண்டியை நிறுத்தி, வனத்துறைப் பேருந்தில் படகுத்துறைக்கு வந்து, ஒன்றரை மணி நேரம் ஏரியில் சுற்றித் திரும்பிவிடுகிறார்கள். அணை வரை சுற்றுலாப் படகு போகாது. 2009 செப்டம்பர் 30 மாலை, ஜலகன்யகா என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்கைக் கண்டதும் பலர் ஒரே பக்கம் நெருங்கியதில் படகு சாய்ந்தது என்று உயிர்பிழைத்தவர்கள் சொன்னார்கள். மூழ்கிய மரங்களுக்கு இடையே, இருட்டில், தேடல் நடந்தது. அதன்பின் உயிர்காப்பு மேலங்கி அணியாமல் யாரையும் ஏற்றுவதில்லை. இடத்தைவிட்டு எழுந்து நிற்க விடுவதில்லை. மேலங்கி புழுக்கமாக இருக்கிறது என்று முணுமுணுப்பவர்களைப் பார்க்கும்போது, அந்த 45 பேரை நினைத்துக்கொள்ளச் சொல்லத் தோன்றுகிறது.

ஏரி எப்படித் தெரியும் என்பதைப் பருவமழையும் தேக்கடித் தலைமதகும் சேர்ந்து முடிவு செய்கின்றன. உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று உறுதிசெய்த அணையின் நீர்மட்ட உச்சவரம்பு 142 அடி; தென்மேற்கும் வடகிழக்கும் பெய்து முடிந்த டிசம்பர் வாக்கில் நீர் அதை நெருங்கும். அப்போது கரை காட்டுக்குள் ஏறிவிடும், விலங்குகளும் உள்ளே இருக்கும். பின்பு மதுரைப் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் போகப் போக, கரை இறங்கி, வெளிப்பட்ட சேற்றில் இளம்புல் முளைக்கும். மார்ச், ஏப்ரலில் மேட்டுச் சுனைகள் வற்றியதும் யானைக் கூட்டங்கள் அந்தப் புல்லுக்கு வருகின்றன. ஒரு கையிலிருந்து மறு கைக்கு, குட்டியை நடுவில் விட்டு, தும்பிக்கையை மட்டும் தூக்கிப்பிடித்து நீந்திக் கடக்கின்றன. விலங்கு பார்க்க வருபவருக்கு அதுவே ஏற்ற காலம். நடக்க விரும்புபவர் அக்டோபருக்கும் பிப்ரவரிக்கும் இடையே வரலாம்.

நீர் இருப்பு போதிய ஆண்டுகளில் ஜூன் 1 அன்று கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு முதல் போகத் தண்ணீர் திறக்கப்படும். மலர் தூவி மதகைத் தூக்கும் இடம், பயணிகள் படகுக்கு வரிசையில் நிற்கும் துறைக்கு நடந்தே போகிற தூரத்தில் இருக்கிறது. சில நாட்களில் லோயர் கேம்பிலும் கூடலூரிலும் நாற்றங்காலுக்கு விதை ஊறவைப்பார்கள். மேலே, ஏரியில், பட்டமரங்களின் நீர்க்கோடு விரலளவு கீழே இறங்கியிருக்கும்.