ஆங்கிலத்தில் செயவெனெச்சமும் தொழிற்பெயரும்

ஆங்கில வாக்கியத்தில் ஒரு வினையைத் தொடர்ந்து மற்றொரு வினை வரும்பொழுது, அவ்விரண்டாம் வினை "டு" என்னும் சொல்லுடன் இன்ஃபினிட்டிவ் வடிவிலோ, "இங்" என்னும் ஈறு பெற்று ஜெரண்டு வடிவிலோ அமையும். முன்னது தமிழின் செயவெனெச்சத்தையும் பின்னது தொழிற்பெயரையும் ஒத்தது. எந்த வினைக்குப் பின் எது வரும் என்பதைப் பயிற்சி நூல்கள் பெரும்பாலும் மனப்பாடப் பட்டியலாகவே தருகின்றன. ஆயினும் இத்தெரிவு தமிழிலும் உள்ளது. தமிழர் அதை நாள்தோறும் பிழையின்றிச் செய்கின்றனர். கீழுள்ள எடுத்துக்காட்டுகள் மேட்டூர் அணையைச் சுற்றி அமைந்தவை. திறத்தல், மூடுதல், நிரம்புதல் என அணையில் வினைகளுக்குக் குறைவில்லை.

தமிழில் உள்ள வேறுபாடு

தொல்காப்பியம் கூறும் ஒன்பது வினையெச்ச வாய்பாடுகளுள் "செய" என்பது ஒன்று. திறக்க, மூட, பிடிக்க என்பன இவ்வாய்பாட்டில் அடங்கும். இவ்வடிவில் கால இடைநிலை இல்லை. மாறாக, திறப்பது, திறந்தது போன்ற தொழிற்பெயர்கள் காலம் காட்டும். பெயராதலால் வேற்றுமை உருபும் ஏற்கும்.

"மதகை மூட மறந்தார்" என்றால் மதகு திறந்தே கிடக்கிறது. "மதகை மூடியதை மறந்தார்" என்றால் மதகு மூடப்பட்டுவிட்டது, நினைவுதான் இல்லை. ஆங்கிலத்தில் முன்னது "ஃபர்காட் டு க்ளோஸ்", பின்னது "ஃபர்காட் க்ளோசிங்". பதிவேட்டில் இவை இடம் மாறினால் ஆற்றோரத்தில் இருப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

மறுத்தல் இன்னும் தெளிவான சான்று. "திறக்க மறுத்தார்" என்பதற்கும் "திறந்ததை மறுத்தார்" என்பதற்கும் தமிழில் வினை ஒன்றே. ஆங்கிலம் இங்கு வினையையே மாற்றிக்கொள்கிறது: "ரெஃப்யூஸ்ட் டு ஓப்பன்", "டினைட் ஓப்பனிங்". நிறுத்தலில் நிலைமை தலைகீழ். "படம் எடுக்க நின்றார்", "படம் எடுப்பதை நிறுத்தினார்" எனத் தமிழ் இரு வினைகளைக் கையாள, ஆங்கிலம் "ஸ்டாப்" என்ற ஒன்றையே வைத்துக்கொண்டு வடிவத்தால் பொருளைப் பிரிக்கிறது.

காரணம்

"டு" தொடக்கத்தில் திசையைக் குறித்த முன்னிடைச்சொல். நம் நான்காம் வேற்றுமை "கு" உருபுக்கு நெருங்கியது. எனவே "டு" வடிவம் இனி நிகழவேண்டியதையும், "இங்" வடிவம் நிகழ்ந்ததையும் குறிக்கும் என்று பொதுவாக விளக்குவர். இவ்விளக்கம் எல்லா இடத்திலும் பொருந்தாது. மேட்டூர் அணை வழக்கமாகப் பாசனத்திற்குத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. 2019இல் ஆகஸ்ட் 13 அன்றுதான் திறக்கப்பட்டது. திறப்பதைத் தள்ளிவைத்தல் ஆங்கிலத்தில் "போஸ்ட்போன் ஓப்பனிங்" ஆகும். அச்செயல் இன்னும் நிகழாதது. ஆயினும் "இங்" வருகிறது. "திறப்பதை" என்று தமிழில் வரும் "ஐ" உருபைப் பார்த்தவர்க்கு இங்கே குழப்பமில்லை. நடைமுறையில் காலத்தைவிட இவ்வுருபே நல்ல வழிகாட்டி.

செய்து என்னும் எச்சம்

தமிழில் "செய்து" வாய்பாடு வரும் சில இடங்களில் ஆங்கிலம் "இங்" வடிவையே கொள்ளும். படித்து முடித்தான், பேசிப் பழகினான், பேசிக்கொண்டே இருந்தான் என்பவை முறையே "ஃபினிஷ்ட் ரீடிங்", "பிராக்டிஸ்ட் ஸ்பீக்கிங்", "கெப்ட் டாக்கிங்" ஆகின்றன. இவற்றுள் மிக நயமானது "ட்ரை". பழுதான மதகைத் திறக்க முயன்றார் எனில் "ட்ரைட் டு ஓப்பன்". நீர் வடிகிறதா எனத் திறந்து பார்த்தார் எனில் "ட்ரைட் ஓப்பனிங்". பின்னதில் மதகு திறந்துகொண்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 2002இல் வெளியிட்ட விரிவான ஆங்கில இலக்கணம் ஜெரண்டையும் நிகழ்கால எச்சத்தையும் ஒரே வடிவமாகவே கொள்வது ஈண்டு நோக்கத்தக்கது.

தமிழ் வழி தவறும் இடங்கள்

தமிழர் அதிகம் பிழை செய்யும் வினை "சஜெஸ்ட்". "அணையைத் திறக்கப் பரிந்துரைத்தார்" என்பதை அப்படியே பெயர்த்து "சஜெஸ்டட் டு ஓப்பன்" என எழுதுவர். "சஜெஸ்டட் ஓப்பனிங்" என்பதே சரி. அதுபோல, நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கப் போனார் என்பது பொதுவாக "வென்ட் ஃபிஷிங்". "வருவதாக உறுதியளித்தார்" என்பதில் தொழிற்பெயர் இருந்தும் ஆங்கிலம் "பிராமிஸ்ட் டு கம்" என்றே கொள்ளும்.

"அலவ்" என்னும் வினையில் ஆளைச் சொல்வதே அளவுகோல். மீன் பிடிக்க அனுமதித்தனர் எனப் பொதுவாகச் சொன்னால் "அலவ்ட் ஃபிஷிங்". அவரை அனுமதித்தனர் என்றால் "அலவ்ட் ஹிம் டு ஃபிஷ்". "அட்வைஸ்" என்பதும் இவ்வாறே.

"டு" என்பதைக் கண்டவுடன் இன்ஃபினிட்டிவ் என முடிவு செய்வதும் தவறு. வெயிலுக்குப் பழகியவர் என்பது போலப் பெயர் நிற்கக்கூடிய இடமாயின் அங்கு "டு" பழைய "கு" உருபே. ஆகவே வெயிலில் நடப்பதற்குப் பழகியவர் "யூஸ்ட் டு வாக்கிங்" ஆவார். முன்பு நடப்பது வழக்கம் என்னும் பொருளில் வரும் "யூஸ்ட் டு வாக்" வேறு. "லுக் ஃபார்வர்ட் டு" என்பதன் பின்னும் "இங்" வடிவமே வரும். அலுவலக மின்னஞ்சல்களில் இத்தொடர் பிழையாக எழுதப்படுவது மிகுதி.