பன்னீர் திராட்சையின் பூர்வீகம்

கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி வழியே செல்வோர் கண்ணில் படுவன, பந்தல்களில் படர்ந்து தொங்கும் கறுப்புத் திராட்சைக் கொத்துகளாகும். பன்னீர் திராட்சை என மக்கள் வழங்கும் இதற்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதனைத் தமிழகத்திற்குக் கொணர்ந்தார் என்ற செய்தியும் அப்போது பரவலாக வெளியாயிற்று.

அச்செய்தியை நாம் ஐயத்துடனேயே நோக்க வேண்டியுள்ளது. பன்னீர் திராட்சை என்பது 'மஸ்கட் ஹாம்பர்க்' எனும் வகை. இங்கிலாந்தின் தோட்டக்கலைஞர் சீவார்டு ஸ்னோ 1850-ஐ ஒட்டி இதனை உருவாக்கினார் என்பதே தோட்டக்கலை வரலாறு கூறுவது. 1832-இல் வந்தது வேறொரு திராட்சையாக இருக்கலாம். இதுவாக இருத்தல் அரிது.

மரபணு ஆய்வு இதன் பெற்றோரையும் அடையாளம் காட்டியுள்ளது. ஒன்று, ஆல்ப்ஸ் மலைச்சாரலின் 'ஸ்கியாவா குரோசா'. மற்றொன்று, வெப்பம் மிகுந்த மத்தியதரைக் கடலோரத்து 'அலெக்சாந்திரியா மஸ்கட்'. பின்னதைச் சிசிலித் தீவினர் இன்றும் 'ஜிபிப்போ' என்கின்றனர். உலர் திராட்சையைக் குறிக்கும் 'ஸபீப்' எனும் அரபுச் சொல்லே அவ்வாறு திரிந்தது. சிசிலியில் முஸ்லிம்களின் ஆட்சி 11-ஆம் நூற்றாண்டில் முடிவுற்றது; சொல்லோ தங்கிவிட்டது. (மஸ்கட் என்றதும் ஓமானின் தலைநகரை நினைப்போர் உண்டு. இப்பெயர் குறிப்பது கஸ்தூரி மணத்தை. நம் 'மிஸ்க்'கிற்கு உறவான சொல் அது.)

ஒரே நீர் பாய்ச்சப்பட்டும் சுவையில் வேறுபடும் விளைச்சலைப் பற்றி அர்ரஃது அத்தியாயத்தின் நான்காம் வசனம் பேசுகிறது. திராட்சைத் தோட்டங்களும் அங்கே சொல்லப்படுகின்றன. 12-ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்து இப்னுல் அவ்வாம் தமது 'கிதாபுல் ஃபிலாஹா'வில் கொடி நடுதலையும் ஒட்டுக்கட்டுதலையும் விரிவாக எழுதினார். அந்நூல் 1802-இல் மத்ரீதில் ஸ்பானிய மொழிபெயர்ப்புடன் அச்சேறியது.

குளிர்நாட்டில் திராட்சைக் கொடி இலையுதிர்த்து உறங்கி, ஆண்டுக்கொருமுறை காய்க்கும். அதே இனம் கம்பத்தில் உறங்குவதில்லை; கவாத்து செய்யும் நாளே அதற்கு வசந்தம். ஆதலால் தோட்டத்திற்குத் தோட்டம் காலம் மாற்றிக் கவாத்து செய்து, ஆண்டு முழுவதும் பழம் பறிக்கின்றனர். 1895-இல் எழுந்த முல்லைப் பெரியாறு அணையின் நீர் இப்பள்ளத்தாக்கிற்கு வாய்த்த பேறு.

பிரான்சின் போன் நகரில் 1354 முதல் திராட்சை அறுவடை நாட்கள் பதிவாகியுள்ளன. 1988-க்குப் பின் அறுவடை, முந்தைய நூற்றாண்டுகளின் சராசரியைவிட 13 நாட்கள் முந்திவிட்டது. அவ்வறுவடை மதுவுக்கானது, அதில் நமக்கு உவப்பில்லை. எனினும் அத்தகைய பதிவேட்டை வரலாற்று மாணவர் எவரும் புறந்தள்ள இயலாது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு 11 திராட்சை வகைகளை ஒப்பிட்டது. வெப்பம் 2 டிகிரி உயர்ந்தால், இவ்வகைகள் விளையும் பகுதிகளில் 56 விழுக்காடு தகுதியிழக்கும். வெப்பத்தை ஏற்கும் வகைகளை மாற்றி நட்டால் அவ்விழப்பு 24 விழுக்காடாகும் என்று அது கணித்தது. அனைத்தும் ஒரே இனமே. ஆயினும் வெப்பத்தை அவை ஏற்கும் விதம் வேறு.

கம்பத்தின் நிலை யாது? திராட்சை விதையிட்டு அன்று, குச்சி நட்டே பெருக்கப்படுகிறது. எனவே இப்பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக் கொடிகள் அனைத்தையும் ஒரே உடலின் கிளைகள் எனலாம். இரவு வெப்பம் மிகுந்தால் தோலில் கருநீலச் சாயம் ஊறுவது குன்றும். கொத்தில் சில பழங்கள் கறுத்தும் சில சிவந்தும் நிற்கும். வியாபாரி விலையைக் குறைப்பார். ஒரு கொடிக்கு நேர்வது பக்கத்துத் தோட்டத்திற்கும் நேரும்.

ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. மாற்று வகைகளைத் தேடுவதற்கு அதனினும் பொருத்தமான இடமில்லை. ஆனால் புவிசார் குறியீடு இவ்வொரு வகைக்கே உரியது. வேறு வகையை நடும் உழவர் அப்பெயரில் அதனை விற்க இயலாது.