நோயறையின் வாயிற்படி



முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். என் பணிக்காலத்தில் நான் கையொப்பமிட்ட தாள்களுள் மிகுதியானவை எவை என்று கேட்டால், நன்னடத்தைச் சான்றிதழ்கள் என்றே சொல்வேன். தேர்வு முடிவு வெளிவந்த வாரத்தில் நாள்தோறும் அவை அடுக்கடுக்காக வரும். பெயரை எழுத்தர் நிரப்பியிருப்பார். நடத்தை என்னும் இடத்தில் 'நன்று' என்று எழுதிக் கையொப்பமிடுவேன். ஒரு தாளுக்கு அரை நிமிடம் கூட ஆகாது.

அவ்வாறு சான்றிதழ் பெற்றுச் சென்ற மாணவி ஒருத்தி செவிலியர் பயிற்சியில் சேர்ந்தாள். முதலாண்டு விடுமுறையில் என்னைக் காண வந்தாள். முகத்தில் சிறிது சலிப்பு இருந்தது. "ஐயா, நோயாளியின் கட்டிலருகே செல்வதற்குள் எத்தனை கட்டுப்பாடுகள்! உடற்பரிசோதனை, இரத்தப் பரிசோதனை, மஞ்சட்காமாலைத் தடுப்பூசி. அதுவும் ஒரு முறையன்று, மூன்று முறை. நகம் வளர்க்கக் கூடாது. வளையல் அணியக் கூடாது. பல வாரங்கள் பொம்மையைக் கட்டிலில் கிடத்தி, அதற்குத்தான் பணிவிடை செய்தோம். உயிருள்ள மனிதரைத் தொட எப்போதுதான் விடுவார்களோ!" என்றாள்.

"பொறு, அம்மா" என்று சொல்லி அனுப்பினேன். ஆனால், ஏன் பொறுக்க வேண்டும் என்று அன்று அவளுக்கு விளக்க என்னால் இயலவில்லை. அதன் பிறகு தேடிப் படித்தேன். படித்தவற்றை இன்று உங்கள் முன் வைக்கிறேன். அவள் சலித்துக்கொண்ட விதி ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கிறது. சிலவற்றின் பின்னால் பல உயிர்களின் இழப்பும் இருக்கிறது.

'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குவதை நீங்கள் அறிவீர்கள். 'ஆயிரம் வேரைக் கொன்றவன்' என்பதே அதன் மூல வடிவம் என்று ஆசிரியர்கள் திருத்துவது வழக்கம். நானும் வகுப்பில் அவ்வாறே திருத்தியிருக்கிறேன். ஆயினும், அப்பழமொழி வழங்கும் வடிவிலேயே அச்சந்தரும் உண்மையாக இருந்த காலமும் இடமும் உண்டு.

1840 ஆம் ஆண்டுகளில் ஆஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவில் இருந்த பொது மருத்துவமனையை எண்ணிப் பாருங்கள். அங்கே மகப்பேற்றுக்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிப் பயிற்சி பெறும் பெண்கள் பயின்றார்கள். கட்டடம் ஒன்று, நகரம் ஒன்று, வந்து சேரும் தாய்மாரும் ஒரே வகையினர். ஆயினும் 1841 முதல் 1846 வரை, முதற்பிரிவில் நூற்றுக்குப் பத்துப் பேரளவில் இறந்தார்கள். இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு நால்வரளவில் இறந்தார்கள். இச்செய்தி ஊருக்குள் பரவியிருந்தது. முதற்பிரிவில் சேர்க்கவேண்டா என்று தாய்மார் மண்டியிட்டு மன்றாடினார்களாம்.

இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர் இதன் காரணத்தைத் தேடினார். 1847 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவருடைய நண்பரான பேராசிரியர் ஒருவர் பிணப்பரிசோதனையின்போது மாணவன் ஒருவனின் கத்தி விரலில் பட்டு, அப்புண்ணின் நஞ்சேறி இறந்தார். அவர் உடலில் தோன்றிய குறிகள், பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மாரிடம் கண்ட குறிகளை ஒத்திருந்தன. செம்மல்வைஸ் உண்மையை உணர்ந்தார். மருத்துவ மாணவர்கள் பிணங்களை அறுத்துப் பயின்று, நேரே மகப்பேற்று வார்டுக்கு வந்து, அதே கைகளால் தாய்மாரைப் பரிசோதித்தார்கள். மருத்துவச்சிப் பயிற்சி பெற்ற பெண்களுக்குப் பிண அறையில் வேலை இல்லை.

அவ்வாண்டு மே மாதத்தில் அவர் ஒரு கட்டளை பிறப்பித்தார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகளைக் கழுவாத எவரும் தாய்மாரைத் தொடக் கூடாது என்பதே அக்கட்டளை. ஏப்பிரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, சூன், சூலைத் திங்களில் இரண்டாகவும் ஒன்றாகவும் குறைந்தது. ஆயினும் அக்கால மருத்துவ உலகம் அவரை ஏற்கவில்லை. 1849 இல் அவர் பதவி நீட்டிக்கப்படவில்லை. 1865 இல் மனநோயாளர் இல்லம் ஒன்றில் அவர் மறைந்தார்.

மாணவ மணிகளே! அத்தாய்மாரைக் கொன்றவர்கள் கொடியவர்கள் அல்லர். அவர்கள் உங்களைப் போன்ற இளைஞர்கள், ஆர்வத்தோடு பயின்றவர்கள். கற்கவேண்டும் என்னும் நல்லெண்ணம் மட்டும் நோயாளியைக் காப்பாற்றாது என்பதே அவ்வார்டு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

இனி, செவிலியர் பயிற்சிக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் பணிசெய்த பெண்களுக்குப் பயிற்சி என ஒன்று பெரும்பாலும் இருந்ததில்லை. யார் வேண்டுமானாலும் வரலாம், கட்டிலருகே நிற்கலாம், செய்து செய்தே கற்கலாம். அவ்வாறு கற்கும்போது நேரும் பிழைக்கு விலை கொடுத்தவர் நோயாளியே.

கிரிமியப் போரில் பணியாற்றிய புளோரன்ஸ் நைட்டிங்கேலின் பெயரை அறியாதார் இலர். அவர் தொண்டைப் போற்றி மக்கள் திரட்டிய நிதி நாற்பத்து நாலாயிரம் பவுனளவுக்குச் சேர்ந்தது. அந்நிதியைக் கொண்டு 1860 ஆம் ஆண்டு சூன் 24 ஆம் நாள் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. முதலில் சேர்ந்தவர்கள் பதினைவர். பயிற்சிக்காலம் ஓராண்டு. உணவு, உறைவிடம், உடை ஆகியவற்றுடன் ஆண்டுக்குப் பத்துப் பவுன் கைச்செலவுக்கும் அளிக்கப்பட்டது.

அப்பள்ளியில் சேர விரும்புவோர் இருபத்தைந்து வயதுக்குக் குறையாமலும் முப்பத்தைந்து வயதுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். நற்குணத்துக்குச் சான்றுரை கொண்டுவருதல் வேண்டும். 'சான்றுரை' என்னும் சொல்லைப் படித்தபோது நான் சற்றே நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் அரை நிமிடக் கையொப்பத்தின் மூதாதையை அங்கே கண்டேன்.

ஆனால், அவர்கள் அந்தத் தாளோடு நின்றுவிடவில்லை. தலைமைச் செவிலியராகிய திருமதி வார்ட்ரோப்பர் ஒவ்வொரு மாணவியைப் பற்றியும் மாதந்தோறும் ஒரு பதிவேட்டை நிரப்பிவந்தார். அதில் ஒழுக்கத்துக்கு ஐந்து தலைப்புகள்: காலந்தவறாமை, அமைதி, நம்பகம், தன் உடலையும் உடையையும் தூய்மையாக வைத்திருத்தல், வார்டை ஒழுங்குற வைத்திருத்தல். தொழிற்றிறனுக்குத் தனியே பல தலைப்புகள்: புண்ணுக்குக் கட்டுப் போடுதல், அசைய முடியாதவரை நகர்த்துதல், படுக்கைப் புண் வராமற் காத்தல், நோயாளிக்கு ஏற்ற கஞ்சி காய்ச்சுதல், காற்றோட்டம் அறிதல், நாடி, மூச்சு, உறக்கம், பசி ஆகியவற்றை உற்றுநோக்கிச் சொல்லுதல் எனப் பட்டியல் நீளும். மிக நன்று என்பது தொடங்கிச் சுழியம் வரை ஒவ்வொன்றுக்கும் தரமிடப்பட்டது.

வாயிற்படியில் ஒரு சோதனை; உள்ளே நுழைந்த பின்னர் மாதந்தோறும் சோதனை. இன்றைய செவிலிய மாணவி கையில் வைத்திருக்கும் செய்முறைப் பதிவேட்டின் வித்து இதுவே எனலாம்.

இவ்வளவும் கேட்டு, அனைத்தும் சீராக நடந்தன என்று எண்ணிவிடாதீர்கள். வரலாறு உள்ளதை உள்ளபடி சொல்லக் கடமைப்பட்டது. பத்தாண்டு கடந்து, 1870 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நைட்டிங்கேல் அம்மையார் பள்ளியை நெருங்கி ஆராய்ந்தபோது பெரிதும் வருந்த நேர்ந்தது. நடக்கவேண்டிய விரிவுரைகள் ஒழுங்காக நடக்கவில்லை. மாணவியர் வார்டுகளில் வேலையாட்களைப் போல உழைத்துக் களைத்தார்கள்; கற்பிப்பார் குறைவு. அதன் பின்னரே புதிய மருத்துவ ஆசிரியர் அமர்த்தப்பட்டார். மாணவியரின் படிப்பையும் நலத்தையும் கவனிக்கத் தனியே ஒரு மூத்த சகோதரி நியமிக்கப்பட்டார்.

இதில் நாம் மறக்கலாகாத உண்மை ஒன்று உண்டு. மாணவி நிறைவேற்றவேண்டிய விதிகள் இருப்பது போலவே, மருத்துவமனை நிறைவேற்றவேண்டிய விதிகளும் உண்டு. கற்க வந்தவளைக் கூலியில்லாத கையாக மட்டும் கொள்ளும் இடத்தில், அவளும் கற்பதில்லை; நோயாளியும் நலம் பெறுவதில்லை.

அப்பள்ளியில் பயின்றவருள் ஒருவர் ரெபெக்கா ஸ்ட்ராங். அவர் பிற்காலத்தில் ஸ்காத்துலாந்தில் கிளாஸ்கோ நகரின் ராயல் இன்ஃபர்மரி என்னும் மருத்துவமனையில் தலைமைச் செவிலியரானார். வார்டுக்குள் விட்ட பின் கற்பிப்பதைவிட, கற்பித்த பின் வார்டுக்குள் விடுவதே முறை என்று அவர் கருதினார். அறுவை மருத்துவர் வில்லியம் மெக்யூவன் துணைநின்றார். 1893 ஆம் ஆண்டு, உடற்கூறு, உடலியக்கம், சுகாதாரம் ஆகியவற்றைக் கற்றுத் தேர்வெழுதிய பின்னரே வார்டுப் பயிற்சி என்னும் ஏற்பாடு அங்கே தொடங்கியது. ஈராண்டில் இலண்டன் மருத்துவமனையும் அவ்வழியைப் பின்பற்றி, டிரடீகார் இல்லம் என்னும் தனியிடத்தில் முன்பயிற்சி அளிக்கத் தலைப்பட்டது. என் மாணவி சலித்துக்கொண்ட அந்தப் பொம்மைக் கட்டில் இருக்கிறதே, அதற்கு வழிகோலியது கிளாஸ்கோ நகரந்தான்.

பின்னும் ஒரு வாதம் எழுந்தது. செவிலியரை அரசு தேர்வு வைத்துப் பதிவு செய்யவேண்டும் என்று எதெல் பென்விக் என்னும் அம்மையார் போராடினார். நைட்டிங்கேல் அதனை எதிர்த்தார். தேர்வு அறிவை அளக்கும். பொறுமையையும் பரிவையும் எந்தத் தேர்வு அளக்கும் என்பது அவர் கருத்து. இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. நைட்டிங்கேல் 1910 இல் மறைந்தார். 1919 இல் பிரித்தானியாவில் செவிலியர் பதிவுச் சட்டம் நிறைவேறியது. நம் சென்னை மாகாணத்தில் 1926 இல் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலை பெற்ற 1947 இல் இந்திய செவிலியர் மன்றச் சட்டம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் செவிலியத்துக்குப் பட்டப்படிப்பே தொடங்கிவிட்டது. கற்கவேண்டிய பாடம் எது, வார்டில் பயிலவேண்டிய காலம் எவ்வளவு என்பன இன்று நாடு முழுமைக்கும் வகுக்கப்பட்டுள்ளன.

இப்போது என் மாணவியின் பட்டியலுக்குத் திரும்புவோம். தடுப்பூசி எதற்கு? கல்லீரலைத் தாக்கும் கிருமி, பயன்படுத்திய ஊசி ஒருமுறை விரலில் குத்தினாலும் இரத்தத்தில் கலந்துவிடக் கூடும். ஆதலால் அவ்விதி அவளைக் காக்கிறது. உடற்பரிசோதனை எதற்கு? தன்னிடம் காசநோய் இருப்பதை அறியாத ஒருத்தி, நலிந்த நோயாளிகளிடையே அதைப் பரப்பிவிடலாகாது. ஆதலால் அவ்விதி நோயாளியைக் காக்கிறது. நகத்திடுக்கிலும் வளையலடியிலும் கிருமி தங்கும். வியன்னாத் தாய்மாரின் கதையை அவை மீண்டும் எழுதிவிடக் கூடும். பொம்மை எதற்கு? பொம்மைக்கு வலிக்காது.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் பாடக்குறிப்பு எழுதிக் காட்டாமல் வகுப்புக்குள் நுழைய முடியாது. கடைசி விசிப்பலகையில் பயிற்சியாசிரியர் குறிப்பேட்டுடன் அமர்ந்திருப்பார். ஒருநாள் கரும்பலகையில் ஆண்டு ஒன்றைத் தவறாக எழுதிவிட்டேன். மறுநாள் திருத்திக்கொண்டேன். கரும்பலகைப் பிழையைத் துணியால் அழிக்கலாம். மருந்தின் அளவில் நேரும் பிழையை எந்தத் துணி அழிக்கும்?

வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் கூறுகிறார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு, அருகிருந்து பணிவிடை செய்பவனையும் அவர் சேர்த்தார். கற்பவர் நிற்க வேண்டிய இடம் அந்த நான்காம் இடம். அது எளிதிற் கிடைக்கும் இடமாக இருத்தலாகாது.

நேயர்களே, ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அம்மாணவி அடுத்த விடுமுறையிலும் வந்தாள். இம்முறை அவள் முகத்தில் சலிப்பு இல்லை. வார்டில் ஒரு முதியவருக்குப் படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைத்ததைச் சொன்னாள். பொம்மையிடம் பழகிய கை அங்கே தடுமாறவில்லை என்றாள். அவள் சென்ற பின், அவளுக்கு நான் எழுதித் தந்த 'நன்று' என்னும் சொல்லை நினைத்துக்கொண்டேன். அரை நிமிடத்தில் நான் எழுதிய சொல்லை அவள் நாள்தோறும் உழைத்து உண்மையாக்கிக் கொண்டிருக்கிறாள். அவளை நன்கு அறிந்து எழுதியிருந்தால், அந்தப் பெருமையில் எனக்கும் சிறிது பங்கு இருந்திருக்கும்.

உங்களுள் நாளை ஆசிரியராகிச் சான்றிதழ் எழுதப் போகிறவர்கள், எழுதுமுன் அம்மாணவனின் முகத்தை ஒருமுறை நினைவுகூருங்கள். உங்களுள் நாளை செவிலியராகப் போகிறவர்கள், வாயிற்படியில் உங்களை நிறுத்திக் கேள்வி கேட்பவரிடம் சினங்கொள்ளாதீர்கள். உள்ளே கண்மூடிப் படுத்திருப்பவருக்காகவே அவர் கேட்கிறார்.