சக்கரவர்த்தியின் தாடை

மனிதர்கள் தாடி வளர்ப்பதற்குக் காரணங்கள் பல. துறவு பூண்டவர் வளர்ப்பார். காதலில் தோற்றவர் வளர்ப்பார். சவரம் செய்துகொள்ளச் சோம்பல்பட்டு வளர்ப்பவரும் உண்டு. ஐரோப்பாவின் பெரும் பகுதியைக் கட்டி ஆண்ட ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்தியின் தாடிக்குப் பின்னால் வேறொரு சங்கதி இருந்தது. அது அவருடைய தாடை.

1500-ம் ஆண்டில் கெண்ட் நகரில் பிறந்த சார்லஸ், ஹாப்ஸ்பர்க் வம்சத்தவர். நாடுகளோடும் நகைகளோடும் அந்த வம்சம் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவந்த சொத்து, முன்னே நீண்ட கீழ்த்தாடை. 1517-ல் அவர் ஸ்பெயினுக்கு வந்தபோது, "மகாராஜா, வாயை மூடிக்கொள்ளுங்கள், இந்த ஊர் ஈக்கள் பொல்லாதவை" என்று ஒருவன் சொன்னதாகக் கதை உண்டு. கதையை விட்டுவிடுவோம். வெனிஸ் நாட்டுத் தூதர் கொந்தாரினி நேரில் பார்த்தே எழுதியிருக்கிறார்: வாயை மூடினாலும் மேல்வரிசைப் பல்லுக்கும் கீழ்வரிசைப் பல்லுக்கும் நடுவே ஒரு பல்லின் கனத்துக்கு இடைவெளி, பேச்சை முடிக்கும்போது சொற்கள் குழறும்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தச் சக்கரவர்த்தியின் அரண்மனை வைத்தியர்களில் ஒருவர் வெசாலியஸ். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று மிருகங்களை அறுத்துப் பார்த்துச் சொன்னார் பழைய கேலன். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் உலகம் அதை நம்பியது. மனிதனுக்கு அது ஒரே எலும்புதான் என்று 1543-ல் எழுதித் திருத்தியவர் வெசாலியஸ். தாடையை அப்படி அறிந்தவர் பக்கத்திலேயே இருந்தார். ஆனால் அந்த அறிவு சிகிச்சையாவதற்கு இன்னும் முந்நூறு ஆண்டுகள் வேண்டியிருந்தன. 1558-ல் சார்லஸ் அதே தாடையோடு கண்ணை மூடினார்.

வம்சமோ சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்துக்கொண்டிருந்தது. மாமனுக்கும் மருமகளுக்கும் 1661-ல் பிறந்தவர் இரண்டாம் சார்லஸ். உணவை மெல்லவும் அவருக்கு முடியவில்லை. 1700-ல் வாரிசின்றி அவர் இறக்க, அரியணைக்காகப் பதின்மூன்று ஆண்டு யுத்தம் நடந்தது.

இனி அரண்மனையை விட்டு வெளியே வருவோம். அமெரிக்காவில் ஒஹையோ நதிக்கரையில் வீலிங் என்ற ஊர். அங்கே ஹல்லிஹென் என்ற வைத்தியரிடம் 20 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். 5 வயதில் தீப்பட்டவள். கழுத்துத் தழும்பு இழுத்து இழுத்துத் தாடையே முன்னே நீண்டுவிட்டது. வாய் மூடாது, தலை திரும்பாது. ஹல்லிஹென் தாடையின் மேற்பகுதியில் இருபுறமும் ஆப்பு வடிவில் எலும்பை அறுத்து எடுத்து, முன்பகுதியைப் பின்னுக்குக் கொண்டுவந்தார். பிறகு கழுத்துத் தழும்பை விடுவித்து, தோளிலிருந்து தோலைத் திருப்பி வைத்தார். கடைசியில் உதட்டைச் சீர்செய்தார். 1849-ல் அவர் வெளியிட்ட அந்த விவரம்தான் தாடை திருத்தும் ரண சிகிச்சையின் முதல் அத்தியாயம்.

1897-ல் செயின்ட் லூயிஸ் நகரில் பிளேர், தாடை எலும்பை முழுவதுமாகவே அறுத்துப் பின்னுக்குத் தள்ளினார். ஆனால் குறுக்கே வெட்டிய எலும்பின் முனைகள் சிறியவை, எளிதில் விலகிவிடும். ஓப்வெகெசர் என்ற வைத்தியர் 1957-ல் தம் ஆசிரியர் டிரௌனருடன் வெளியிட்ட முறை அதற்கு வழி கண்டது. தச்சன் பலகையை இரண்டு ஏடாகப் பிளப்பதுபோல, தாடையின் பின்பகுதியை உள்ளேடு, வெளியேடு என்று பிளக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று நகர்ந்தாலும் அகலமாகத் தொட்டுக்கொண்டிருப்பதால் எலும்பு நன்றாகக் கூடும். எல்லாம் வாய்க்குள்ளிருந்தே நடப்பதால் முகத்தில் வடு இல்லை. இன்றும் வைத்தியர்கள் இதன் வழியில்தான் செல்கிறார்கள்.

முகத்தைத் திருத்துவது அழகு மோகம் என்று சொல்லிவிடுவது சுலபம். மெல்லுவதும் பேசுவதும் வாயை மூடுவதும் நமக்குத் தாமாகவே வந்துவிட்டதால் அப்படிச் சொல்கிறோம். சார்லஸுக்குப் பெரிய சாம்ராஜ்யம் இருந்தது. வாயை மூட வழி இல்லை. வீலிங் ஊரில் அந்தப் பெண் வாயை மூடினாள்.