ஊய்டாவின் சர்ப்பங்கள்

மேற்கு ஆப்பிரிக்காவின் கினி வளைகுடாக் கரையில், இன்று பெனின் என்று வழங்கும் தேசத்தில், ஊய்டா என்றொரு பழம்பட்டணம் இருக்கிறது. அப்பட்டணத்தின் நடுவே, கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களின் பெரிய தேவாலயத்திற்கு நேர் எதிரில் மலைப்பாம்புகளின் ஆலயம் ஒன்று அமைந்திருப்பதும், இருதிறத்தாரும் தத்தம் வழிபாட்டைச் சச்சரவின்றி நடத்தி வருவதும், அங்கே செல்லும் யாத்திரிகர்கள் தவறாமல் குறிப்பிடும் விஷயங்கள். ஆலயத்துக்குள், கூம்புக் கூரை வேய்ந்த வட்டமான சிறிய அறையொன்றில், பல பத்துப் பாம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு பகலெல்லாம் அசைவின்றிக் கிடக்கின்றன. முதன்முதலாகப் பாம்பு வளர்க்க ஆசைப்படும் மேல்நாட்டு வாலிபர்கள் கடையில் கேட்டு வாங்கும் ‘பால் பைதான்’ என்னும் ஜாதி இதுவேதான். தெய்வமாகப் பூஜை பெற்ற ஒரு ஜீவன் சந்தைச் சரக்காக மாறிய சரித்திரத்தை அறிந்துகொண்டவனுக்கு, அதை வீட்டில் வைத்துப் பேணும் முறையும் பாதி விளங்கிவிடும் என்பது என் துணிபு.

இப்பாம்பின் சொந்த நாடு, மேற்கே செனெகல் தொடங்கிக் கிழக்கே உகாண்டா வரையில் நீண்டு கிடக்கும் புல்வெளிகளும், அடர்த்தியில்லாத காடுகளும், அவற்றை ஒட்டிய விளைநிலங்களுமாகும். 1802-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஷா என்னும் ஆங்கிலேய விலங்கியலார் இதனைச் சாஸ்திர முறைப்படி வர்ணித்து, ‘அரச’ என்ற அடைமொழியையும் சூட்டினார். ராஜ பட்டம் கிடைத்ததே தவிர, உருவத்தில் இது சிறியது; பெண் பாம்பு ஐந்தடிக்கு மேல் வளர்வது அபூர்வம், ஆணோ அதனினும் குறைவு. எலிகள் தோண்டிவிட்டுப் போன வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகற்பொழுதைக் கழித்துவிட்டு, இருட்டிய பின்னரே இது இரை தேடப் புறப்படும். எதிரி நெருங்கினால் சீறிப் பாய்வதைவிட, தலையை நடுவில் வைத்து உடலை இறுகச் சுருட்டிப் பந்தாகிக் கிடப்பதே இதன் சுபாவம். விஷம் கிடையாது. பெண் பாம்பு ஓர் ஈட்டுக்கு ஐந்தாறு முட்டைகளே இட்டு, ஏறக்குறைய இரண்டு மாத காலம் அவற்றைச் சுற்றி வளைத்துப் படுத்துக் காவல் காக்கும்.

இத்தகைய சாதுவான பிராணியை ஊய்டாப் பிரதேசத்தை ஆண்ட ஹுவேடா மக்கள் டாங்பே என்ற பெயரால் தொழுதுவந்தார்கள். மழைக்கும் விளைச்சலுக்கும் யுத்தத்தில் ஜயத்திற்கும் அவர்கள் பிரார்த்தித்தது இந்தத் தெய்வத்தையே. டச்சு வர்த்தகக் கம்பெனியின் உத்தியோகஸ்தராக அக்கரையில் பல்லாண்டு வசித்த வில்லெம் போஸ்மன் என்பவர், 1704-இல் வெளியிட்ட தமது கினி நாட்டு வர்ணனையில், இவ்வழிபாட்டைப் பற்றி ஏளனமும் வியப்பும் கலந்து விரிவாக எழுதியிருக்கிறார். முதன்முதலில் அங்கே வந்திறங்கிய ஆங்கிலேய மாலுமிகள், தங்கள் பண்டகசாலையில் நுழைந்த பாம்பொன்றை அறியாமையால் அடித்துக் கொன்று வாசலில் எறிந்துவிட, ஊரார் திரண்டு வந்து அவர்கள் அத்தனை பேரையும் கொன்று சரக்குகளையும் கொளுத்திவிட்டதாக அவர் தெரிவிக்கிறார். 1697-இல் பன்றியொன்று பாம்பைப் பிடித்துத் தின்றுவிட்ட அபராதத்திற்காக, நாட்டிலுள்ள பன்றிகளையெல்லாம் வெட்டும்படி அரசன் கட்டளையிட்டான் என்பதும் அவர் சொல்லும் செய்தி. அந்நிய வியாபாரியின் எழுத்தில் மிகைப்படுத்தல் ஓரளவு கலந்திருக்கக் கூடுமாயினும், அந்நாட்டில் ஒரு பாம்பின் உயிர் மனித உயிருக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ மதிக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை.

பாம்பின் உயிருக்கு இருந்த இந்த மதிப்பு அதே கடற்கரையில் மனிதனின் உயிருக்கு இல்லாமற்போனது சரித்திரத்தின் பெருங்கொடுமை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்ட துறைகளுள் ஊய்டா மிகப் பெரியவற்றுள் ஒன்று. பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் அவ்வழியே அட்லாண்டிக் கடலைக் கடத்திக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்த வியாபாரத்தின் லாபத்தில் கண்வைத்த டஹோமி நாட்டு மன்னன் அகாஜா, 1727-இல் ஹுவேடா ராஜ்யத்தின்மீது படையெடுத்தான். எல்லையிலிருந்த ஆற்றுத்துறையைத் தங்கள் சர்ப்ப தெய்வமே காத்துக்கொள்ளும் என்று நம்பிப் போதிய சேனையை நிறுத்தாமல் ஹுவேடா மக்கள் இருந்துவிட்டார்கள் என்றும், உள்ளே புகுந்த டஹோமி வீரர்கள் பாம்புகளைப் பிடித்து, தெய்வமானால் பேசித் தம்மைத் தாமே காத்துக்கொள்ளட்டும் என்று பரிகசித்து, தலையை அறுத்துத் தீயில் சுட்டுத் தின்றார்கள் என்றும், அக்காலத்தில் அங்கே கப்பலோட்டிய வில்லியம் ஸ்னெல்கிரேவ் 1734-இல் வெளிவந்த தமது நூலில் எழுதுகிறார். ஆயினும், வென்றவர்களால் அவ்வழிபாட்டை வேரறுக்க முடியவில்லை. காலக்கிரமத்தில் டஹோமி அரசே டாங்பேயின் ஆலயத்திற்கு இடமளித்தது. கப்பலேறிப் போனவர்களின் வழியாகச் சர்ப்ப வழிபாடு கடல்கடந்தும் பரவி, ஹெய்ட்டி நாட்டில் தம்பல்லா என்ற தெய்வமாக இன்றும் விளங்குகிறது.

ஊய்டா வாசிகள் இப்பாம்புகளை எவ்வாறு வைத்திருந்தார்கள் என்பது நமக்கு இங்கே முக்கியமான விஷயம். பகலில் அவற்றுக்கு இருளும் குளிர்ச்சியும் உள்ள அறை; குறித்த காலங்களில் இரவில் கதவு திறந்துவிடப்பட, அவை ஊருக்குள் உலவி, எலிகளைப் பிடித்துத் தின்றுகொள்ளும். விடிந்த பின் தன் வீட்டுக்குள் பாம்பைக் காண்பவர் கூச்சலிடாமல், விருந்தாளியைப் போல் மரியாதையுடன் எடுத்துக்கொண்டு போய் ஆலயத்தில் சேர்ப்பிப்பார். கிழக்கே நைஜீரியாவில் இக்போ மக்களிடையிலும் இதே ஜாதிப் பாம்புக்கு இவ்வித கௌரவம் உண்டு; தவறுதலாகக் கொல்ல நேர்ந்தால் மனிதனுக்குரிய ஈமக்கிரியைகளை அதற்குச் செய்யும் ஊர்கள் அங்கே உள்ளன. மிஷன் பள்ளிக்கூடத்திற்குச் சென்ற பூசாரி மகன் ஒருவன் அரச மலைப்பாம்பைப் பெட்டிக்குள் அடைத்துவிடுவதால் விளையும் கலகத்தைச் சினுவா அச்செபே 1964-இல் வெளியான ‘ஆரோ ஆஃப் காட்’ நாவலின் முக்கிய சம்பவங்களுள் ஒன்றாக அமைத்திருக்கிறார்.

நாவலில் மகாபாவமாகக் காட்டப்பட்ட அந்தக் காரியம், அடுத்த தலைமுறையில் நித்திய வியாபாரமாயிற்று. 1970-களுக்குப் பிறகு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பாம்பு வளர்ப்பது பொழுதுபோக்காகப் பரவவே, கானா, டோகோ, பெனின் ஆகிய மூன்று நாடுகளிலிருந்தும் இப்பாம்புகள் துணிப்பைகளிலும் பெட்டிகளிலும் அடைபட்டு விமானமேறின. 1977-இல் இந்த ஜாதி சைட்டிஸ் என்னும் சர்வதேச வனஜீவன வர்த்தக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வர்த்தகம் அதனால் நின்றுவிடவில்லை, அனுமதிச் சீட்டுக்கு உட்பட்டது என்பதே மாறுதல். 1975 முதல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஏற்றுமதியானவை முப்பது லட்சத்திற்கும் அதிகம். கோடை முடியும் தருவாயில் விவசாயிகளும் வேட்டைக்காரர்களும் மண்வெட்டியுடன் வயல்வெளிக்குப் போய், வளைகளை வெட்டிச் சினைப் பாம்புகளையும் முட்டைகளையும் எடுத்துவந்து பண்ணைக்காரரிடம் விற்பார்கள். அங்கே முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் அயல்நாட்டுக்குப் போகும். ஒரு பங்கைக் காட்டில் திரும்ப விடவேண்டும் என்பது ஏற்பாடு.

காட்டில் பிடிபட்டு அங்ஙனம் வந்து சேர்ந்த பெரிய பாம்புகளோ, உடலில் உண்ணிகளும் குடலில் புழுக்களுமாக, புதிய இடத்தின் பீதியில் மாதக்கணக்கில் இரையைத் தொடாமல் மெலிந்தன. சாப்பிடாத பாம்பு என்ற அபவாதமும் இந்த ஜாதிக்கு அக்காலத்தில்தான் ஏற்பட்டது. வளர்ப்புக் கூடுகளிலேயே குஞ்சு பொரிக்கும் வித்தை கைகூடிய பின் நிலைமை மாறியது. 1992-இல் அமெரிக்காவில் நிறமிழந்த வெண்மஞ்சள் குஞ்சுகள் முதன்முதலாக வளர்ப்பில் பிறந்தன. அதற்குப்பின் நிறத்தையும் வரியையும் கலந்து புதுப்புது ரகங்களை உண்டாக்குவது ஒரு பெரிய தொழிலாகி, ஒரே குஞ்சுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்கவும் ஆட்கள் தோன்றினார்கள். அழகுக்கு விலை கொடுத்தவர்கள் வேறொன்றையும் சேர்த்து வாங்கினார்கள். ‘ஸ்பைடர்’ என்னும் ரகத்தின் அழகிய கோலத்தோடு, தலை நிலைகொள்ளாமல் ஆடும் நரம்புக் கோளாறும் பரம்பரையாக வருகிறது. புதிதாக வளர்க்கப் புகுவோர் அந்த ரகத்தை விலக்குவதே தர்மம்.

இனி, வளர்ப்பவனுடைய கடமை என்ன என்று பார்ப்போமானால், வெட்டிக் குலைக்கப்பட்ட அந்த வளையை மீண்டும் கட்டிக் கொடுப்பதே அதன் சாரம் எனலாம். பெட்டியின் ஒரு பக்கம் 32 டிகிரி செல்சியஸ் அளவில் வெதுவெதுப்பாகவும், மறுபக்கம் 26 டிகிரி அளவில் குளிர்ந்தும் இருக்கவேண்டும். தனக்குத் தானே உஷ்ணத்தை உண்டாக்கிக்கொள்ள இயலாத பிராணி, இங்குமங்கும் நகர்ந்துதான் தன் உடலின் வெப்பத்தைச் சரிசெய்துகொள்ளும். இரு பக்கத்திலும், உடல் நாற்புறமும் சுவரில் படும்படியான இறுக்கமான மறைவிடம் ஒவ்வொன்று வேண்டும்; ஒன்று மட்டும் இருந்தால், வெப்பத்திற்கும் ஒளிவிடத்திற்கும் நடுவே அது தத்தளிக்க நேரும். சூடேற்றும் கருவிக்குத் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தோல் வெந்து புண்ணாகும். காற்றின் ஈரம் 60 சதவீதத்தை ஒட்டி இருக்கவேண்டும். கண்கள் நீலம் பாய்ந்து மங்கினால் சட்டை கழற்றும் காலம் நெருங்கிவிட்டது என்று அறியலாம். ஈரம் போதுமாயின் சட்டை முழுவதும் ஒரே உறையாகக் கழலும், போதாதாயின் துண்டு துண்டாகக் கிழிந்து கண்ணின்மேலும் வால் நுனியிலும் ஒட்டிக்கொள்ளும்.

உணவு விஷயத்தில் இதன் போக்கை அருகிலிருந்து கவனிப்பது ஒரு பாடமாகும். உறைபனியில் வைத்திருந்த எலியை வெந்நீரில் இளக்கி, உடற்சூடு வரச்செய்து, இருட்டிய பின் இடுக்கியால் மறைவிடத்தின் வாசலில் காட்டினால், முதலில் மூக்கின் நுனி மட்டும் வெளியே தெரியும். நாக்கு இரண்டு மூன்று தடவை மெல்ல நீண்டு மறையும். மேலுதட்டில் வரிசையாக அமைந்த குழிகள் இரையின் வெப்பத்தை அளந்துகொண்டிருக்க, கழுத்து மடிந்து பின்வாங்கும். அடுத்த கணம் எலி மூன்று சுற்றுக்குள் இறுகியிருக்கும். உயிருள்ள எலியைப் போட்டுவிட்டு அகல்வது விபரீதம். பசியில்லாத பாம்பை அந்த எலி கடித்துக் குதறிவிடும். குஞ்சுக்கு வாரம் ஒருமுறையும், வளர்ந்ததற்கு இரண்டு வாரம் அல்லது அதற்கு மேலும் ஒருமுறையும் போதும். விழுங்கியபின் இரண்டு நாளைக்கு அதைத் தொடலாகாது. வளர்ந்த பாம்பு சில மாதம் உண்ண மறுத்தாலும், எடை குறையாத வரையில் கவலைக்கு இடமில்லை; புதியவர்கள் பதறிப்போய் அடிக்கடி கையில் எடுத்துப் பார்ப்பதுதான் அந்த உபவாசத்தை நீட்டிக்கிறது.

ஆயுளையும் யோசிக்கவேண்டும். வளர்ப்பில் இருபது முப்பது ஆண்டுகள் வாழ்வது சகஜம். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து மிருகக்காட்சிச் சாலையில், 1961-இல் தனிநபர் ஒருவரிடமிருந்து வந்த பெண் பாம்பொன்று, அறுபது வயதைக் கடந்தபின், பல்லாண்டுகளாக ஆண் துணையே இல்லாத நிலையில், 2020-இல் ஏழு முட்டைகள் இட்டு விஞ்ஞானிகளை அதிசயிக்கச் செய்தது. பதினெட்டு வயதில் ஆசைப்பட்டு வாங்குகிறவன், தன் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் காலத்திலும் அதற்கு எலி கொடுத்துக்கொண்டிருக்கக்கூடும்.

நம் தேசத்தில் இவ்விருப்பம் உடையவர்கள் சட்டத்தையும் அறிந்திருத்தல் அவசியம். நம் காடுகளுக்குரிய மலைப்பாம்பை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அயல்நாட்டு ஜாதியாகிய பால் பைதானோ, 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் சைட்டிஸ் உயிரினங்களுக்குரிய நான்காம் அட்டவணையின் கீழ் வருகிறது. வைத்திருப்பவர் அரசாங்கத்திடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். பாங்காக்கிலிருந்து வந்திறங்கும் பிரயாணிகளின் பெட்டிகளில் துணிகளுக்கிடையே திணிக்கப்பட்ட இப்பாம்புகளைச் சென்னை விமான நிலையத்துச் சுங்க அதிகாரிகள் பலமுறை பறிமுதல் செய்திருக்கிறார்கள். ஆகவே, வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: இது எங்கே பிறந்தது, இதற்குரிய பத்திரம் எங்கே, கடைசியாக எப்பொழுது இரை தின்றது? மூன்றுக்கும் நேரான பதில் சொல்லாத வியாபாரியிடம் எவ்வளவு அழகான குஞ்சு இருந்தாலும் வாங்காதீர்கள்.