தேநீர் வகைகள்

தேநீர் என்பது கமேலியா சைனென்சிஸ் என்னும் செடியின் இலையை வெந்நீரில் ஊறவைத்தோ கொதிக்கவைத்தோ இறக்கும் பானம். சீனாவின் சிற்றிலை வகை, அசாமின் பேரிலை வகை ஆகிய இரண்டும், அவற்றின் கலப்புகளும் உலகெங்கும் பயிராகின்றன. வெள்ளை, பச்சை, ஊலோங், கறுப்பு, பூ-அர் என்று தனித்தனி விலையில் விற்பவை எல்லாம் இந்த ஒரே செடியின் கொழுந்துதான். பறித்த பிறகு கொழுந்தை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வகை பிரிகிறது. ஆவாரம்பூ, செம்பருத்தி, துளசி, தென்னாப்பிரிக்காவின் ரூய்போஸ் ஆகியவற்றையும் பேச்சில் டீ என்கிறோம். அவை நல்ல பானங்களாக இருக்கலாம். ஆனால் தேயிலை அல்ல.

சீனாவின் ஃபூஜியன் கடற்கரைப் பேச்சில் இச்செடியின் பெயர் ‘தே’. கப்பல் வணிகத்தோடு போன இச்சொல்தான் மலாயில் தே, ஆங்கிலத்தில் டீ. சீனாவின் பிற பகுதிகளில் வழங்கிய ‘சா’ வட இந்தியாவில் சாய் ஆனது, கேரளத்தில் சாயா ஆனது. தமிழ் ‘தே’யோடு இலையைச் சேர்த்துத் தேயிலை என்றது, நீரைச் சேர்த்துத் தேநீர் என்றது. தேன்+நீர் என்று பிரித்துப் பொருள் சொல்வோர் உண்டு; அது பிழை. யாழ்ப்பாணத்தாரின் ‘தேத்தண்ணி’யில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

ஒரே கொழுந்து, பல வழி

நறுக்கிவைத்த வாழைக்காய் சிறிது நேரத்தில் கறுத்துவிடும். கசக்கிய தேயிலைக்கும் அதுவே நேர்கிறது: இலைக்குள் இருக்கும் நொதி காற்றோடு சேர்ந்து நிறத்தையும் மணத்தையும் சுவையையும் மாற்றுகிறது. அந்த மாற்றம் தொடங்குமுன் சூடுகாட்டி நிறுத்தினால் பச்சைத் தேயிலை. ஜப்பானியர் பெரும்பாலும் ஆவியில் வேகவைப்பதால் அவர்களுடைய சென்ச்சாவில் கீரை வாசம் தெரியும். சீனர் இரும்புச் சட்டியில் வறுப்பதால் ஹாங்சோவின் லாங்ஜிங்கில் வறுத்த கொட்டை மணம் வரும். மாற்றத்தைப் பாதியில் நிறுத்தினால் ஊலோங். முழுக்க விட்டால் கறுப்பு. மொட்டையும் இளந்தளிரையும் கசக்காமல் வாட்டி உலர்த்துவது வெள்ளை. யுன்னானின் பூ-அர் மட்டும் தனி ரகம். நுண்ணுயிர்கள் வேலை செய்ய அதை விட்டுவைக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் பழுக்கவைப்பதும் உண்டு.

கறுப்புத் தேயிலையிலும் இரண்டு வழிகள். இலையை முறுக்கி உருட்டி உலர்த்துவது ஆர்த்தடாக்ஸ். பல் வைத்த உருளைகளுக்கு இடையே நசுக்கி, கிழித்து, சுருட்டி மணிமணியாக்குவது சி.டி.சி. பின்னது 1930களில் அசாமில் வில்லியம் மெக்கர்ச்சர் உருவாக்கிய முறை. மணித்தூளில் சாயம் சட்டென்று இறங்கும், பாலுக்கு ஈடுகொடுக்கும். இந்தியத் தேயிலையில் பெரும்பகுதி இன்று இதுதான். சலிக்கும்போது கடைசியாக அடியில் தங்கும் பொடி ‘டஸ்ட்’. பெயரைக் கேட்டுத் தூசி என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. அது அளவைக் குறிக்கும் சொல், தரத்தை அல்ல. தமிழ்நாடு விரும்பிக் குடிப்பது இந்த டஸ்ட்டைத்தான்.

டீக்கடையில்

பாய்லர் கொதிக்கிறது. துணிப்பையில் தூள்; அதன்மேல் வெந்நீரை ஊற்றி மாஸ்டர் சாயத்தை இறக்குகிறார். கண்ணாடி கிளாசில் சர்க்கரை, பால், பிறகு சாயம். ஒரு கை தலைக்கு மேலே, ஒரு கை இடுப்புக்குக் கீழே என்று ஆற்றும்போது சூடு தணிகிறது, சர்க்கரை கரைகிறது, நுரை கட்டுகிறது. ஸ்ட்ராங், லைட், சர்க்கரை கம்மி என்று ஆளுக்கொரு கணக்கு. விவரமான வாடிக்கையாளர் புதுத்தூள் மாற்றும் நேரம் பார்த்துத்தான் வருவார். ஒரே பையில் பத்தாவது தடவையாக ஊற்றி இறக்கியதில் துவர்ப்பைத் தவிர வேறொன்றும் இருக்காது.

டீயை இப்படி ஆற்றும் வழக்கம் கடலும் கடந்திருக்கிறது. மலேசியா, சிங்கப்பூரில் தமிழ் முஸ்லிம் கடைகளோடு சேர்த்துச் சொல்லப்படும் தே தாரிக், சுண்டிய இனிப்புப் பால் ஊற்றி ஆற்றியது. ‘தாரிக்’ என்றால் மலாயில் இழுத்தல். அங்கே பால் வேண்டாதவர் ‘தே ஓ’ கேட்பார், இஞ்சி வேண்டுபவர் ‘தே ஹாலியா’ கேட்பார்.

நீலகிரியும் இலங்கையும்

நீலகிரியில் 1830களில் கேத்தியில் சோதனையாகத் தேயிலை நட்டார்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழருக்கு வேலை தருவதற்காக 1968-இல் வனத்துறை தொடங்கிய தோட்டங்கள் பிறகு ‘டான்டீ’ என்னும் அரசு நிறுவனமாயின. குளிர்கால இரவுகளில் உறைபனி விழும் சமயத்தில் செடி மெதுவாக வளரும். அப்போது பறித்த கொழுந்தில் செய்யும் ஆர்த்தடாக்ஸ் தேயிலையில் பூமணம் தூக்கலாக இருக்கும். ஊட்டிக்குப் போகிறவர்கள் சாக்லேட் டீ, ஏலக்காய் டீ என்று வாசனை சேர்த்த பொட்டலங்களையே அள்ளிவருகிறார்கள். பக்கத்து அடுக்கில் வாசனை எதுவும் சேர்க்காத இலைத் தேயிலை கேட்பாரற்று இருக்கும். வாங்கவேண்டியது அதைத்தான்.

இலங்கையில் 1867-இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டதுதான் வணிகப் பயிரின் தொடக்கம். அடுத்த சில ஆண்டுகளில் இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழிக்க, மலையகம் தேயிலைக்கு மாறியது. தமிழ்நாட்டிலிருந்து போன உழைப்பாளிகளின் தோளில்தான் மாறியது. அங்கே தேயிலையை உயரத்தால் பிரிக்கிறார்கள். 1,200 மீட்டருக்கு மேலே விளைவது மலைநாட்டுத் தேயிலை, 600 மீட்டருக்குக் கீழே தாழ்நிலத் தேயிலை. நுவரெலியாவின் சாயம் வெளிறியது, மென்மையானது. ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று வீசும் பருவத்தில் பறித்ததற்குத் தனிக் காரமணம் உண்டு. தாழ்நிலத் தேயிலை கடுஞ்சாயம்.

யாழ்ப்பாணத்தில் வெறுந்தேத்தண்ணியைப் பனங்கட்டியையோ சீனியையோ கடித்துக் கடித்துக் குடிப்பார்கள். இனிப்பு நாக்கில் நிற்கிறது. கோப்பையில் இருப்பது தேயிலை மட்டும். பால் டீயிலேயே வளர்ந்த நாக்கு இலையின் சுவையைப் பழக இதைவிட எளிய வழி இல்லை.

வீட்டில் போடும்போது

சுவைபார்ப்போர் 100 மில்லி நீருக்கு 2 கிராம் இலை போட்டு 6 நிமிடம் ஊறவைத்துச் சோதிக்கிறார்கள். அது குறை கண்டுபிடிக்கும் கணக்கு. குடிப்பதற்கு அதே 2 கிராமுக்கு ஒன்றரை மடங்கு நீர் போதும். கறுப்புக்குக் கொதிநீர், 3 அல்லது 4 நிமிடம். பச்சைக்கு 75 முதல் 80 டிகிரி, 2 நிமிடம். கிரீன் டீ கசக்கிறது என்பவர்களில் பலரும் அதைக் கொதிக்கவைத்துக் கெடுத்தவர்கள். வெப்பமானி வேண்டாம், கொதித்த நீரை இரண்டு மூன்று முறை டம்ளர் மாற்றி ஆற்றினால் ஏறக்குறைய அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். பச்சையிலும் ஊலோங்கிலும் நல்ல இலையை இரண்டாவது, மூன்றாவது தடவையும் ஊறவைக்கலாம். விலை கூடுதலாகத் தெரிவது இந்தக் கணக்கில் பாதி குறைந்துவிடும்.

சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் குடித்தால் கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது, இரத்தச்சோகை உள்ளவர்கள் கட்டாயமாக.

தேயிலை பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும். மசாலா டப்பாவின் அருகே வைக்காமல் இறுக மூடி வையுங்கள். புது வகையை முதலில் 50 கிராமோ 100 கிராமோ மட்டும் வாங்குங்கள். ‘நல்ல கலர் வரும்’ என்று சொல்லி விற்கும் உதிரித்தூளை மட்டும் சோதிக்காமல் பயன்படுத்தாதீர்கள். வடிதாளை நனைத்து அதன்மேல் ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். உடனே சாயம் பரவினால் அது தேயிலையின் நிறமல்ல. பொட்டலத்தைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.